ராஜாவை வெல்லும் ஜாக்கி

வள்ளுவர் சூதுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். அதனாலோ என்னவோ, சீட்டாட்டத்தை நாம் வரலாற்றுச் சான்றாக நோக்குவதில்லை. ‘முந்நூற்று நாலு’ ஆட்டத்தின் விதிகளைச் சற்றே எண்ணிப் பார்ப்போம்.

சீட்டுகள் 32. ஜாக்கிக்கு 30 புள்ளி, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. எட்டும் ஏழும் வெறுஞ்சீட்டுகள். ஓரினத்திற்கு 76, நான்கினத்திற்கும் சேர்த்து 304. பெயர்க்காரணம் இதுவே.

அரசனை ஏவலன் வெல்லும் இம்முறை, ஒல்லாந்தரின் கிளாவர்யாஸ் ஆட்டத்தில் துருப்பு இனத்திற்கு உண்டு. அங்கும் சீட்டுகள் 32. ஆஸுக்கு 11, பத்துக்கு 10.

தாமிரபரணி கடலோடு கலக்கும் புன்னைக்காயலுக்கு வடக்கே, அன்றைய நெல்லைச் சீமையின் தூத்துக்குடியை ஒல்லாந்தர் 1658இல் கைப்பற்றினர்; 1825இல் ஆங்கிலேயரிடம் நிலையாக ஒப்படைத்தனர். கல்வெட்டில் ஏறாத கடல்வழித் தொடர்புகளின் சாயல் இத்தகைய விதிகளில் தென்படுகிறது.

முதியோரிடம் இவ்விதிகளைக் கேட்டுக் குறித்துவைப்போம். அவையும் நம் ஆவணங்களே.