கூடாரத்தில் வாழ்ந்த கணிதப் புலி

ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் கோபுரமும் பால்கோவாவும், ராஜபாளையம் என்றால் நாயும்தான் நமக்கு ஞாபகம் வரும். இந்தப் பக்கமெல்லாம் ஒரு கேம்பிரிட்ஜ்காரர் கூடாரம் போட்டு ஊர் ஊராக அலைந்தது பலருக்குத் தெரியாது. அவர் பெயர் தாமஸ் கஜெட்டான் ராக்லண்ட்.

1841-ல் கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் நான்காம் இடம் பிடித்தவர். (நமக்கு அரியர் இல்லாவிட்டாலே திருவிழாதான்!) பிறகு சென்னையில் சர்ச் மிஷனரி சங்கச் செயலாளர். அதையும் விட்டுவிட்டு 1854-ல் ஃபென், மெடோஸ் என்ற இரண்டு இளைஞர்களோடு வட திருநெல்வேலிச் சீமைக்கு வந்துவிட்டார். அப்போது சிவகாசியும் ஸ்ரீவில்லிபுத்தூரும் திருநெல்வேலி ஜில்லாதான்.

நுரையீரலோ பலவீனம். இருந்தும் வெயிலில் கூடார வாழ்க்கை! படிப்போ பேச்சுத் திறமையோ யார் மனதையும் மாற்றாது, கடவுள்தான் மாற்ற வேண்டும் என்று நம்பினார். மண்ணில் விழுந்து சாகும் கோதுமை மணியைத்தான் ஊழியத்துக்கு உதாரணமாகச் சொன்னார், கோதுமை விளையாத கரிசல் காட்டில் இருந்துகொண்டு. அதற்காகக் கைகட்டி உட்காரவில்லை. தென் திருநெல்வேலி சபைகள் முறைவைத்து அனுப்பிய உபதேசியார்களோடு கிராமம் கிராமமாகப் போனார். என்னைக் கேட்டால், இந்த வரலாற்றில் அந்த உபதேசியார்களுக்கும் பாதி இடம் தர வேண்டும்.

1858 அக்டோபர் 22-ல் சிவகாசியில் இறந்தபோது ராக்லண்டுக்கு வயது 43. ஃபென்னும் மெடோஸும் வேலையைத் தொடர்ந்தார்கள்.