ராக்கியும் எரிந்த துணியும்: சுதேசிக் கல்கத்தாவின் கனவும் கலைவும்

கர்சன் பிரபுவின் ஆணைப்படி வங்காள மாகாணம் 1905 அக்டோபர் 16 அன்று இரண்டாகப் பிரிக்கப்பட்டபோது, அதற்கு முன்பே ஆகஸ்ட் 7இல் கல்கத்தா டவுன் ஹாலில் அந்நியப் பொருள்களைப் புறக்கணிக்கும் தீர்மானம் நிறைவேறியிருந்தது. எனினும், தீர்மானத்தைப் படிக்கத் தெரியாதவரையும் சுதேசி இயக்கத்துக்குள் ஈர்த்தவை, கண்டவுடன் பொருள் விளங்கும் சில சின்னங்களே ஆகும். அவ்வியக்கத்தின் எழுச்சியை மட்டுமின்றி அதன் சரிவையும் அச்சின்னங்களின் வரலாற்றிலேயே காண முடியும்.

பிரிவினை நாளைத் துக்க நாளாகக் கொண்டு வீடுகளில் அடுப்பு மூட்டாதிருக்கும் ‘அரந்தன்’ என்னும் நோன்பை ராமேந்திர சுந்தர் திரிவேதி முன்மொழிந்தார். ஆவணிப் பௌர்ணமியில் உடன்பிறந்தாள் உடன்பிறந்தானுக்குக் கட்டும் ராக்கிக் கயிற்றை, இரு வங்காளங்களின் பிரியாத உறவுக்கு அடையாளமாக அன்று ஒருவருக்கொருவர் கட்டிக்கொள்ளலாம் என்றார் ரவீந்திரநாத் தாகூர். அவர் அதிகாலையில் கங்கைக்கு வெறுங்காலுடன் நடந்து சென்று நீராடியதையும், வழியில் கண்ட குதிரைக்காரர்களுக்கும் சித்பூர் மசூதியில் இருந்த மௌல்விகளுக்கும் ராக்கி கட்டியதையும் அவருடைய அண்ணன் முறையினரின் மகனான ஓவியர் அவனீந்திரநாத் பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார். அதே காலத்தில் அவனீந்திரநாத் தீட்டிய பாரத மாதா, காவியுடுத்தி, நான்கு கைகளில் நெற்கதிர், வெண்துணி, ஓலைச்சுவடி, ஜபமாலை ஆகியவற்றை ஏந்தி, உணவும் உடையும் கல்வியும் தீட்சையும் மக்களுக்கு அருளும் தாயாக நின்றாள்.

இவற்றுக்கு நேர்மாறான சின்னமாக வளர்ந்தது, அந்நியத் துணியைக் குவித்து எரிக்கும் தீ. நோன்பின் பசியை நோற்பவரே தாங்கினார்; ராக்கிக் கயிறோ எவரிடமிருந்தும் எதையும் பறிக்கவில்லை. ஆனால் மான்செஸ்டர் துணியைவிட உள்நாட்டு ஆலைத் துணி விலை கூடியதாகவும் முரடாகவும் இருந்தமையால், புறக்கணிப்பின் சுமை கிழக்கு வங்காளத்தின் ஏழைக் குடியானவர் மீதும் சந்தையில் மூட்டை சுமந்து விற்ற சிறு வணிகர் மீதும் விழுந்தது. அவர்களுள் பெரும்பாலோர் முஸ்லிம்களும் தாழ்த்தப்பட்ட சாதியினருமாக இருந்தனர். மறுத்தவர்கள் ஜமீன்தாரின் அதட்டலுக்கும் ஊர் விலக்குக்கும் ஆளாயினர். 1907இல் கொமில்லாவிலும் ஜமால்பூரிலும் கலவரங்கள் மூண்டன. அதற்குள் இயக்கத்திலிருந்து விலகியிருந்த தாகூர், எளியவரை வற்புறுத்தி நடத்தப்படும் நாட்டுப்பணியை 1907, 1908ஆம் ஆண்டுக் கட்டுரைகளில் கடுமையாகக் கண்டித்தார்.

அந்த ஏமாற்றம் முழுமையான கலைவடிவம் பெற்றது, பிரமத சௌதுரியின் ‘சபுஜ் பத்ரா’ இதழில் தொடராக வந்து 1916இல் நூலான தாகூரின் ‘கரே பைரே’ நாவலில்தான். ஜமீன்தார் நிகிலேஷ், அவன் மனைவி பிமலா, சுதேசி இயக்கத் தலைவன் சந்தீப் ஆகிய மூவரும் மாறி மாறித் தம் கதையைச் சொல்கின்றனர். சுதேசிப் பொருள்களைப் பிறருக்கு முன்பே கைக்கொண்டு, உள்நாட்டுக் கத்தியால் உள்நாட்டுப் பென்சிலைச் சீவிய நிகிலேஷ், தன் சந்தையில் அந்நியத் துணியைத் தடைசெய்ய மட்டும் மறுக்கிறான். பக்கத்து ஜமீன்தார் ஹரீஷ் குண்டுவின் குடியானவனான பாஞ்சு, அந்நியத் துணி விற்ற குற்றத்துக்காக நூறு ரூபாய் தண்டம் விதிக்கப்பட்டு, எரிக்கத்தான் வேண்டுமென்றால் வசதி படைத்த எஜமானரே அதை விலைக்கு வாங்கி எரிக்கலாமே என்று கேட்கிறான். அந்தக் கேள்விக்கு விடையாக அவனுடைய மூட்டையே வந்தேமாதர முழக்கத்துடன் எரிக்கப்படுகிறது.

சந்தீப் பிமலாவையே தேசத்தின் திருவுருவாகப் போற்றுகிறான். அந்தப் புகழில் மயங்கிய அவள், தன் வீட்டுப் பணத்தையே திருடி அவனுக்குக் கொடுக்கிறாள். இதைப் போலவே, அமெரிக்க எழுத்தாளர் ஸ்காட் பிட்ஸ்ஜெரால்டு 1925இல் வெளியிட்ட ‘தி கிரேட் கேட்ஸ்பி’யில், நாயகன் தன் கனவு முழுவதையும் டெய்சி என்ற பெண்மீதும் அவள் வீட்டுப் படகுத்துறையின் பச்சை விளக்கின்மீதும் ஏற்றிவைத்து அழிகிறான். இரு நாவல்களிலும் உயிருள்ள மனிதர் சின்னமாக்கப்படும்போது, அவருடைய உண்மையான இயல்பு கனவு காண்பவரின் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. ஆனால் கேட்ஸ்பியின் கனவு தனியொருவனுடையது. சந்தீப் மூட்டிய தீயோ கலவரமாகி, அவனை நம்பிய இளைஞன் அமூல்யாவின் உயிரைக் குடித்து, நிகிலேஷையும் படுகாயப்படுத்துகிறது.

1911 டிசம்பரில் பிரிவினை ரத்தும் தலைநகர் டில்லிக்கு மாற்றப்படுவதும் அறிவிக்கப்பட்டன. ஆயினும் துணி எரிப்புப் பற்றிய வழக்கு முடியவில்லை. 1921இல் காந்தியடிகள் அந்நியத் துணியை எரிக்கச் சொன்னபோது தாகூர் மீண்டும் வெளிப்படையாக மறுத்தெழுத, காந்தியடிகளும் மதிப்புடன் பதிலளித்தார். சுதேசி இயக்கம் எழுப்பியவற்றுள், 1906இல் தொடங்கிய தேசியக் கல்விக் கழகம் ஜாதவ்பூர் பல்கலைக்கழகமாக இன்றும் நிலைத்திருக்கிறது. இலட்சியம் பெரிதாக இருப்பதனால் மட்டும் அதன் சின்னம் நியாயமாகிவிடாது. அதற்குரிய விலையைக் கொடுப்பவர் யார் என்று கேட்டே அதை மதிப்பிட வேண்டும் என்பதே, கல்கத்தாவின் அந்தப் பத்தாண்டு வரலாறு விட்டுச்சென்ற அளவுகோல் ஆகும்.