சாத்தன் வந்தான், போனான்

பழைய இலக்கண உரைகளைப் புரட்டினால் முதலில் எதிர்ப்படுகிற ஆள் சாத்தன். வருவான், உண்பான், உறங்குவான், ஓலையில் எழுதுவான். எழுவாய் வேண்டுமா, அவன். செயப்படுபொருள் வேண்டுமா, அதற்கும் அவன். துணைக்குக் கொற்றன் என்று ஒருவன் வந்து நிற்பான். இளம்பூரணர், சேனாவரையர், நச்சினார்க்கினியர் என்று யார் உரையை எடுத்தாலும் இந்த இருவரையும் பார்க்காமல் நான்கு ஏடு தாண்ட முடியாது. வடமொழி இலக்கணக்காரர்களுக்குத் தேவதத்தனும் யஞ்ஞதத்தனும் செய்துகொடுத்த வேலையைத் தமிழில் இவர்கள் செய்தார்கள். எடுத்துக்காட்டுக்கு வைக்கிற பெயர் தெருவுக்கு நான்கு பேருக்கு இருக்க வேண்டும். கேட்டவுடன் எந்த முகமும் நினைவுக்கு வரக் கூடாது. சாத்தன் அப்படிப்பட்ட பெயராக இருந்தது.

இன்று பிள்ளைக்கு அந்தப் பெயரை வைக்கிறேன் என்று யாராவது கிளம்பினால், பிறப்புச் சான்றிதழ் எழுதுகிறவர் பேனாவை நிறுத்திவிட்டு “சாத்தானா?” என்பார். பாட்டி அழுதுவிடுவாள். இத்தனை பரவலாக வழங்கிய ஒரு பெயர் இவ்வளவு அபூர்வமாகப் போனது எப்படி என்பதுதான் கேள்வி.

பரவல் என்றால் சும்மா இல்லை. சங்கப் புலவர் பட்டியலில் மட்டும் பத்துக்கு மேற்பட்ட சாத்தனார்கள் இருக்கிறார்கள். சீத்தலைச் சாத்தனாரை எல்லோருக்கும் தெரியும். அவரைத் தவிர ஆலம்பேரிச் சாத்தனார், ஆடுதுறை மாசாத்தனார், தொண்டி ஆமூர்ச் சாத்தனார், உறையூர் முதுகண்ணன் சாத்தனார், அதே உறையூரில் கதுவாய்ச் சாத்தனார், காசு நோட்டம் பார்க்கிற வண்ணக்கன் ஒருவர். ஒரே பெயரில் இத்தனை பேர் இருந்ததால்தான் ஊரும் தொழிலும் அடையும் முன்னே ஒட்டிக்கொண்டன. ஒக்கூரில் மாசாத்தனார் என்று ஒருவரும் மாசாத்தியார் என்று ஒரு பெண்பாற் புலவரும் உண்டு. ஆணுக்குச் சாத்தன் என்றால் பெண்ணுக்குச் சாத்தி. அரசரிலும் பாண்டியன் கீரஞ்சாத்தன் இருக்கிறான். ஒல்லையூர் கிழானின் மகன் பெருஞ்சாத்தன் இறந்தபோது, பூத்து நிற்கும் முல்லையைப் பார்த்துக் குடவாயிற் கீரத்தனார் பாடிய புறநானூற்றுப் பாட்டு, தமிழில் உள்ள மிகச் சிறந்த இரங்கற்பாக்களில் ஒன்று. என்னைக் கேட்டால் இந்தப் பெயருக்குக் கிடைத்த பெருமைகளில் அதுவே முதன்மையானது.

கடல் கடந்தும் போயிருக்கிறான். எகிப்தின் செங்கடல் கரையில் குசேர் அல்-காதிம் என்ற பழைய துறைமுகம் இருக்கிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தார் 1978 முதல் 1982 வரை அங்கே அகழ்ந்தபோது கிடைத்த பானை ஓடுகளில் இரண்டில் தமிழ்பிராமி எழுத்து இருந்தது. ஒன்றில் ‘கணன்’, மற்றொன்றில் ‘சாதன்’. ஐராவதம் மகாதேவன் அதைப் படித்தார். ஒற்றை இரட்டித்து எழுதாத அந்தக் கால வழக்கில் சாதன் என்பது சாத்தன்தான். ஏறத்தாழ 1900 ஆண்டுகளுக்கு முன் ரோமானிய வணிகத் துறையில் தன் பானை மாறிப்போய்விடக் கூடாதே என்று ஒரு தமிழன் கீறி வைத்த பெயர் அது. கொடுமணலில் கிடைத்த ஓடுகளிலும் இதே பெயர் உண்டு.

தந்தை பெயரை மகன் பெயரோடு சேர்த்துச் சொல்லும்போது புணர்ச்சியில் என்ன மாறும் என்பதற்குத் தொல்காப்பியம் தனி விதியே வைத்திருக்கிறது. கீரன் மகன் சாத்தன், கீரஞ்சாத்தன். பூதன் மகன் சாத்தன், பூதஞ்சாத்தன். சாத்தன் மகன் கொற்றன், சாத்தங்கொற்றன். சாத்தனுக்குத் தந்தை சாத்தந்தை. முதலெழுத்தும் புள்ளியும் வைத்துத் தந்தையைச் சுருக்கிவிடுகிற நமக்கு இந்த ஏற்பாடு வியப்பாக இருக்கும். ‘ன்’ ஒன்று உருமாறி நின்று தகப்பனைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

சரி, சொல் எங்கிருந்து வந்தது? இரண்டு வழி சொல்கிறார்கள். சாத்து என்றால் பொதிமாடுகளோடு கூட்டமாகப் போகும் வணிகர் குழு. வடமொழி சார்த்தம், பிராகிருதத்தில் சத்தமாகித் தமிழில் சாத்து ஆனது. கோவலனின் தந்தை மாசாத்துவான் பெருஞ்சாத்துக்குத் தலைவன். கண்ணகியின் தந்தை மாநாய்கன் கப்பல் வணிகன். தரைவழிப் பணமும் கடல்வழிப் பணமும் சம்பந்தம் செய்துகொண்ட கதைதான் சிலப்பதிகாரம். சாத்தனார் என்ற பெயர் தாங்கியவர்களில் கூலவாணிகர் இருப்பதும், செங்கடல் ஓட்டில் இதே பெயர் இருப்பதும் இந்த வழிக்கு வலு சேர்க்கின்றன.

இன்னொரு வழி, சாஸ்தா. ஆசான், கட்டளையிடுபவன் என்று பொருள். அமரகோசம் புத்தருக்குச் சொல்லும் பெயர்களில் அதுவும் ஒன்று. தமிழ் நிகண்டு மரபில் சாத்தன் என்றால் ஐயனாரும் ஆகும், அருகனும் ஆகும், புத்தனும் ஆகும். மயிலை சீனி. வேங்கடசாமி ‘பௌத்தமும் தமிழும்’ நூலில் சாத்தனைப் புத்தரோடு இணைத்து எழுதினார். மணிமேகலை பாடியவரின் பெயரே சாத்தனார் என்பது அந்த வாதத்துக்கு வாய்ப்பாக அமைந்தது. ஆனால் சங்கப் புலவர் அத்தனை பேரையும் பௌத்தர் ஆக்கிவிட முடியாது. எனக்குத் தோன்றுவது இதுதான்: தமிழ் ஒலிக்குள் வந்ததும் சார்த்தமும் சாஸ்தாவும் ஒரே உருவம் பெற்றுவிட்டன. காட்டுவழி போகிற சாத்துக்கு எல்லையில் காவல் நிற்கிற தெய்வம் தேவைப்பட்டது. சாத்தும் சாத்தனும் வழியில் சந்தித்திருப்பார்கள். அதற்குமேல் பிரித்துப் பார்ப்பது வீண் வேலை.

அந்தத் தெய்வம் ஒரு வீட்டுப் பிள்ளையாகவே வளர்ந்த கதை சிலம்பில் இருக்கிறது, கனாத்திறம் உரைத்த காதையில். புகாரில் மாலதி என்ற பார்ப்பனப் பெண் மாற்றாளின் குழந்தைக்குப் பால் ஊட்டுகிறாள். பால் விக்கிக் குழந்தை இறந்துவிடுகிறது. என்ன சொன்னாலும் ஊர் நம்பாது. பிணத்தை எடுத்துக்கொண்டு கோட்டம் கோட்டமாக ஓடுகிறாள். கடைசியில் பாசண்டச் சாத்தன் கோயிலில் பாடு கிடக்கிறாள். பேய் ஒன்று அந்தப் பிணத்தையும் பறித்துக்கொள்கிறது. இரங்கிய சாத்தன் தானே குழந்தை உருவில் வந்து அவள் கையில் கிடக்கிறான். அவளிடம் வளர்ந்து, கல்வி கற்று, பெற்றோருக்குச் செய்ய வேண்டிய கடன்களைச் செய்து, தேவந்தி என்பவளை மணந்து எட்டாண்டு குடும்பமும் நடத்துகிறான். பிறகு ஒருநாள் மூவாத தன் இளமை உருவை மனைவிக்கு மட்டும் காட்டி, என் கோட்டத்துக்கு வா என்று சொல்லிவிட்டுத் தீர்த்த யாத்திரை என்ற சாக்கில் போய்விடுகிறான். கண்ணகியின் தோழி தேவந்தி இவள்தான். கணவனும் கடவுளும் ஒரே ஆள் என்று தெரிந்த பிறகு அவள் எப்படி நாள் கழித்தாள் என்பதை ஒரு நாவலாசிரியர் எழுதலாம்.

9ஆம் நூற்றாண்டிலும் பெயர் செல்வாக்கோடு இருந்தது. புதுக்கோட்டைப் பக்கம் நார்த்தாமலையில் பழியிலி ஈச்சரம் என்ற குடைவரையைக் குடைந்தவன் சாத்தன் பழியிலி என்ற முத்தரையன். பக்கத்தில் விசயாலய சோழீச்சரம் என்று இன்று சொல்லப்படுகிற கற்றளியை எடுத்தவன் சாத்தம்பூதி. இங்கேயும் தொல்காப்பியப் புணர்ச்சி அப்படியே நிற்கிறது. அதற்குப் பின் சாத்தன் மெல்லப் பின்வாங்குகிறான். பெருங்கோயில்களின் காலம் அது. பிள்ளைகளுக்கு அந்தந்தக் கோயில் மூர்த்தியின் பெயரும் அரசரின் பட்டப்பெயரும் சூட்டுவது பெருமையாயிற்று. சாத்தன் என்ற தெய்வமோ ஐயனார், சாஸ்தா, ஐயப்பன் என்று வேறு பெயர்களில் வாழத் தொடங்கியது. நெல்லைச் சீமையில் பங்குனி உத்திரத்துக்குக் குலசாஸ்தாவைத் தேடிப் போகிறவர்களில் பலர் பிள்ளைக்கு ஐயப்பன் என்றும் சொரிமுத்து என்றும் பெயரிட்டிருக்கிறார்கள்; சாத்தன் என்று இட்டவரைத் தேட வேண்டும்.

மலைக்கு அந்தப் பக்கம் வேறு கதை. கேரளத்தில் ‘பறையி பெற்ற பந்திருகுலம்’ என்ற பழங்கதையில் பன்னிரண்டு உடன்பிறப்புகளில் ஒருவன் அகவூர் சாத்தன். நம்பூதிரி வீட்டு வேலைக்காரன். தினமும் யாரைக் கும்பிடுகிறீர்கள் என்று கேட்டான். பரப்பிரம்மத்தை என்றார் நம்பூதிரி. அது எப்படி இருக்கும் என்று கேட்டதற்கு, நம் எருமைக் கடாவைப் போல என்று கேலி செய்தார். சாத்தன் நம்பினான், கடா உருவிலேயே அவனுக்குப் பரம்பொருள் காட்சி கொடுத்தது. பெயர் அங்கே உழைக்கிறவர்களிடம் தங்கிவிட்டது தெரிகிறது. கூடவே குட்டிச்சாத்தன் என்ற குறும்புத் தேவதையும் மந்திரவாதியின் ஏவலாளாகப் புகழ் பெற்றது. 1984இல் வந்த இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படமான ‘மை டியர் குட்டிச்சாத்தன்’ அந்தத் தேவதையைக் குழந்தைகளின் கூட்டாளி ஆக்கியது. தமிழுக்கு வந்தபோது அது குட்டிச்சாத்தான் என்று நீண்டது.

அந்த ஒரு கால்தான் சாத்தனைக் கவிழ்த்தது. பைபிளின் சாத்தான் எபிரேயச் சொல். எதிராளி என்று பொருள். அரபியில் ஷைத்தான். இரண்டுக்கும் நம் சாத்தனுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மலையாளத்தில் இந்தக் குழப்பம் வர வழியே இல்லை, ஏனென்றால் அவர்கள் சாத்தனுக்கு வல்லின எழுத்தும் சாத்தானுக்கு வடமொழி ஸகரமும் எழுதுகிறார்கள். நம்மிடம் இரண்டுக்கும் ஒரே ‘ச’. போதாததற்கு, சொல்லின் முதலில் வரும் சகரத்தை நாமும் ஸகரமாகவே உச்சரிக்கப் பழகிவிட்டோம். தூத்துக்குடி மாவட்டத்தில் ஊர்ப்பெயரையே சாத்தான்குளம் என்று நீட்டித்தான் எழுதுகிறார்கள். தென்பெண்ணை அணைக்கட்டுச் சாத்தனூரும் கல்மரம் கிடக்கும் பெரம்பலூர்ச் சாத்தனூரும் எப்படியோ தப்பித்தன. கதவைச் சாத்து, நாலு சாத்து சாத்து என்ற வினைகள் வேறு. பள்ளிக்கூடத்துப் பையன்கள் சும்மா விடுவார்களா?

20ஆம் நூற்றாண்டில் தூய தமிழ்ப் பெயர் தேடியவர்கள் ஏன் இதைக் கைவிட்டார்கள் என்பதுதான் எனக்கு விடுபடாத வியப்பு. இளங்கோ, கபிலன், நக்கீரன், பாரி, குமணன், அதியமான், செங்குட்டுவன் எல்லோரும் வகுப்பறைக்கு வந்துவிட்டார்கள். இளங்கோவுக்குக் கண்ணகி கதையை எடுத்துச் சொன்னவராகப் பதிகம் குறிப்பிடும் சாத்தனார் மட்டும் வாசலில் நின்றுவிட்டார். அவர் நூலின் தலைவி மணிமேகலை பெயரைக்கூட எத்தனையோ பெண்களுக்கு வைத்தார்கள். போதாக்குறைக்குப் பிழையான பாட்டைக் கேட்டால் எழுத்தாணியால் தலையில் குத்திக்கொண்டு சீழ்த்தலை ஆனார் என்ற கட்டுக்கதை. சீத்தலை என்பது ஊர்ப்பெயர். பெயர் சூட்டியவர்கள் தேடியது வீரனையும் வள்ளலையும். சாத்தன் அன்றைய சுப்பனும் குப்பனும். சுப்பனையும் குப்பனையும்கூட இப்போது யாரும் வைப்பதில்லை.

செட்டிநாட்டில் மட்டும் பெயர் வேறு உருவில் பிழைத்திருக்கிறது. அங்கே சாத்தப்பன் என்பது இன்றும் வழங்குகிற பெயர். சிவகங்கைப் பக்கம் சாத்தையாக்களும் உண்டு. வணிகக் குடியில் இது தங்கியதைச் சாத்தோடு முடிச்சுப் போட ஆசை வரும். நான் போட மாட்டேன், ஐயனார் வழிபாடே போதுமான காரணம். ஆனால் தங்கவைத்த ஏற்பாடு தெளிவாகத் தெரிகிறது. அங்கே மூத்த மகனுக்குத் தந்தைவழிப் பாட்டனாரான ஐயாவின் பெயரை இடுவது வழக்கம். பேரன் என்ற சொல்லே பெயரன், பெயரைத் தாங்குகிறவன். பெயர் பிடிக்கிறதா, காதுக்கு இனிக்கிறதா என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை. மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்பதால் அந்தப் பிள்ளைகளை வீட்டில் ராசா என்றோ தம்பி என்றோ கூப்பிடுவார்கள். சாத்தப்பன் என்று முழுசாகக் கேட்பது பள்ளிக்கூட வருகைப் பதிவின்போதுதான்.