தெருவுக்கு ஒரு குடை

மொட்டைமாடியில் குடை இருந்தால் டிடிஎச், ஜன்னல் வழியே கறுப்பு வயர் நுழைந்தால் கேபிள் என்று இன்று இரண்டையும் தனித்தனியாகப் பேசுகிறோம். தமிழ்நாட்டில் கேபிள் வளர்ந்த விதத்தைப் பார்த்தால், இந்தப் பிரிவே பின்னால் வந்தது என்பது விளங்கும். 1990களின் தொடக்கத்தில் ஆசியாசாட்-1 போன்ற செயற்கைக்கோள்கள் சி-பேண்டில் அனுப்பிய சிக்னல் தரைக்கு வரும்போது மிக மெலிந்திருக்கும். அதைப் பிடிக்க எட்டு அடி, பன்னிரண்டு அடி விட்டமுள்ள டிஷ் தேவைப்பட்டது. மாதச் சம்பளக் குடும்பத்துக்கு அதை வாங்கப் பணமும் இல்லை, நிறுத்த இடமும் இல்லை. தெருவில் ஒருவர் துணிந்து வாங்கினார், வீட்டுக்கு வீடு வயர் இழுத்தார், மாதாமாதம் வந்து வசூலித்தார். ஒரு தெருவே பங்குபோட்டுக்கொண்ட சாட்டிலைட்தான் கேபிள். அந்தப் பங்கீட்டில் ஓர் உரிமை கைமாறியது: எந்தச் சேனல் வீட்டுக்குள் வரலாம் என்று முடிவுசெய்யும் உரிமை. அடுத்த முப்பது ஆண்டுகளில் வீடுகள் டிஷ்ஷிலிருந்து கேபிளுக்கும் கேபிளிலிருந்து டிஷ்ஷுக்கும் மாறியதற்கெல்லாம், படத் தெளிவையும் கட்டணத்தையும் விட அந்த உரிமை யார் கையில் இருந்தது என்பதே பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

கேபிளுக்கு முந்திய பசி ஒன்று இருந்தது. சென்னைத் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்டில் தொடங்கியது. 1982இல் டெல்லியிலிருந்து தேசிய ஒளிபரப்பு வந்தபின், இரவில் குடும்பம் ஒன்றாக உட்காரும் நேரத்தை இந்தி நிகழ்ச்சிகள் எடுத்துக்கொண்டன. அந்த இடைவெளியில் வீடியோ கேசட் தொழில் செழித்தது. வாடகைக் கேசட்டில் தமிழ்ப்படம் ஓட்டி, பத்துப் பதினைந்து வீடுகளுக்கு வயர் கொடுத்தவர்கள் பலர் கேபிள் தொழிலின் முதல் தலைமுறை. 1991 வளைகுடாப் போரை சிஎன்என் நேரலையில் காட்டியதும், அதே ஆண்டில் ஸ்டார் டிவி வந்ததும் அவர்களை டிஷ் வாங்க வைத்தன. ஆனால் சாதாரணத் தமிழ்க் குடும்பத்தைக் கனெக்‌ஷன் வாங்க வைத்தது 1993 ஏப்ரல் 14இல் தொடங்கிய சன் டிவி. அதன்பின் ராஜ், விஜய், ஜெயா என்று வரிசை நீண்டது. சட்டம் பின்னால் ஓடிவந்தது. 1994இல் அவசரச் சட்டம், 1995இல் கேபிள் ஒழுங்குமுறைச் சட்டம். தலைமை அஞ்சலகத்தில் பதிவுசெய்துகொண்டால் போதும், யாரும் கேபிள் நடத்தலாம் என்ற நிலை. சிறிய குடையில் நேராக வீட்டுக்கே படம் தரக்கூடிய கேயூ-பேண்ட் கருவிகளையோ மத்திய அரசு 1997 ஜூலையில் தடைசெய்தது. 2000 நவம்பரில்தான் டிடிஎச்சுக்கு அனுமதி கிடைத்தது. கேபிள் தன் திறமையால் மட்டும் வென்றது என்று சொல்பவர்கள் இந்தத் தடையை மறந்துவிடுகிறார்கள். எதிராளி களத்துக்கே வர முடியாத ஆண்டுகளில்தான் அது தெருத்தெருவாக வேர்விட்டது.

கைமாறிய உரிமை எவ்வளவு பெரியது என்பதைக் கன்ட்ரோல் ரூமுக்குள் பார்த்தால்தான் புரியும். மாடியில் டிஷ், கீழே அலமாரியில் சேனலுக்கு ஒன்றாக ரிசீவர், ஒவ்வொன்றின் படத்தையும் ஓர் அலைவரிசையில் ஏற்றும் மாடுலேட்டர், எல்லாவற்றையும் ஒரே வயரில் சேர்க்கும் கம்பைனர். அந்த வயர் மாடிக்கு மாடி, மின்கம்பத்துக்குக் கம்பம் தாவிப் போகும். போகப்போகச் சிக்னல் தேயும், அதனால் இடையிடையே ஆம்ப்ளிஃபையர் வைப்பார்கள். அலைவரிசை உயர உயரத் தேய்மானமும் கூடும். அதனால் கீழ் அலைவரிசையில் வைத்த சேனல் கடைசி வீட்டிலும் பளிச்சென்று தெரியும், உச்சியில் வைத்தது புள்ளிபுள்ளியாக வரும். பழைய டிவிகளில் எட்டோ பன்னிரண்டோ சேனல்தான் பதிய முடியும். அவற்றுக்கு மேல் உள்ள சேனல் அந்த வீட்டைப் பொறுத்தவரை இல்லாத சேனல். ஆக ஒரு சேனலை ஒழிக்க அதை நிறுத்தவே வேண்டாம், மாடுலேட்டரில் இடம் மாற்றினால் போதும். நல்ல இடத்துக்காகச் சேனல்கள் பணம் கொடுக்கும் வழக்கம் இப்படித்தான் வளர்ந்தது. கட்சிகள் சொந்தச் சேனல் வைத்திருந்த மாநிலத்தில் இந்த அலமாரியின் மதிப்பு வெறும் வியாபார மதிப்பாக எப்படி நின்றுவிடும்?

மக்கள் மலிவைப் பார்த்துத்தானே மாறினார்கள், இதில் அதிகாரம் எங்கே வந்தது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், விலைக்குப் பங்கு இல்லாமல் இல்லை. ஆனால் சான்றுகள் அதோடு நிற்கவில்லை. 2003 செப்டம்பரில் நாட்டிலேயே முதலில் சென்னையில் நிபந்தனை அணுகல் முறை அமலானது. இலவசச் சேனல்களுக்கு 72 ரூபாயும் வரியும், கட்டணச் சேனல் வேண்டுமென்றால் செட்டாப் பாக்ஸ். முக்கியமான தமிழ்ச் சேனல்கள் இலவசப் பட்டியலில் இருந்ததால் மிகச் சிலரே பாக்ஸ் வாங்கினார்கள். 2004 டிசம்பரில் தூர்தர்ஷன் மாதக் கட்டணமே இல்லாத டிடிஎச் சேவையைத் தொடங்கியது. விலைதான் எல்லாம் என்றால் அந்த மாதமே கேபிள் ஆட்டம் கண்டிருக்க வேண்டும், காணவில்லை. மழையில் படம் போனால் வீட்டுக்கு வந்து பார்ப்பவர், இந்த மாதம் பணம் இல்லை என்றால் அடுத்த மாதம் வாங்கிக்கொள்பவர் கேபிள்காரர். அந்த உறவை எந்த நிறுவனத்தின் கால் சென்டரும் தர முடியவில்லை.

அந்த உறவுக்கு மேலே யார் உட்காருவது என்பதுதான் அரசியல் சண்டையானது. தெருக் கேபிள்காரர்கள் காலப்போக்கில் தங்கள் டிஷ்ஷைக் கழற்றிவிட்டு, பல தெருக்களுக்கு மொத்தமாகச் சிக்னல் தரும் பெரிய எம்எஸ்ஓக்களிடம் ஃபீட் வாங்குபவர்களாக மாறியிருந்தார்கள். சன் குழுமத்தின் சுமங்கலி கேபிள் விஷன் அவற்றுள் முதன்மையானது. அத்தகைய நிறுவனங்களை அரசே எடுத்துக்கொள்ளும் மசோதாவை 2006 ஜனவரியில் அதிமுக அரசு நிறைவேற்றியது. ஆளுநர் ஒப்புதல் தராமல் குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார், அது சட்டமாகவில்லை. அடுத்து வந்த திமுக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுத்தது, ஒன்றரைக் கோடிக்கும் மேல். ஒவ்வொரு டிவியும் ஒரு புதிய கனெக்‌ஷனுக்கு வழி. 2007இல் முதல்வரின் குடும்பத்துக்கும் சன் குழுமத்தை நடத்திய மாறன் சகோதரர்களுக்கும் பிளவு வந்தபோது அதே திமுக அரசு அரசு கேபிள் டிவி கழகத்தை உருவாக்கியது. பிளவு ஆறியதும் கழகம் படுத்துவிட்டது. 2011 செப்டம்பரில் ஜெயலலிதா அதை எழுப்பி, 70 ரூபாய்க்கு 90 சேனல் என்று அறிவித்தார். எதிரும் புதிருமான இரு கட்சிகள் ஒரே கருவியைத் தேடிப்போனதே என் வாதத்துக்குப் போதிய சான்று. தொடக்கத்தில் சன் குழுமச் சேனல்கள் அதில் இல்லை. 70 ரூபாய்க்குக் கேபிள் வாசலில் கிடைக்கும்போதே அந்தச் சேனல்களுக்காக டிடிஎச் குடை வாங்கியவர்கள் இருந்தார்கள். கீழே யாரோ தடுத்ததை வானத்திலிருந்து நேராக வாங்கிக்கொள்வதற்கான வழியாகவே அந்தக் குடை அவர்களுக்கு இருந்தது.

உள்ளூர்க் கேபிள் அப்படியொன்றும் ஜனநாயகமல்ல என்ற மறுப்பும் உண்டு, அதை மறைக்க நான் விரும்பவில்லை. ஒரு தெருவுக்கு ஒரு கேபிள்காரர்தான், வேறு ஆளிடம் போக முடியாது. ஆயிரம் கனெக்‌ஷன் வைத்துக்கொண்டு நூறு என்று கணக்குக் காட்டியவர்கள் இருந்தார்கள். மாநில அரசுகளும் கட்சிகளும் ஒளிபரப்பு, விநியோகத் தொழிலில் நுழையக்கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2008இலும் 2012இலும் பரிந்துரைத்ததற்கு வலுவான காரணம் இருந்தது. இந்தக் குறைகளைத் தீர்க்கத்தான் 2011 டிசம்பரில் டிஜிட்டல் மயமாக்கல் சட்டம் நிறைவேறியது. ஆனால் அதைச் சீர்திருத்தம் என்று மட்டும் பார்ப்பவர்களோடு நான் உடன்படவில்லை. ஒவ்வொரு வீட்டுப் பாக்ஸுக்கும் ஓர் எண், அதைத் திறக்கவும் மூடவும் தொலைதூரத்தில் ஒரு சர்வர். முறைகேடு குறைந்தது உண்மை. கூடவே, கேபிள்காரர் முடிவுசெய்பவர் என்ற நிலையிலிருந்து வசூல்காரர் என்ற நிலைக்கு இறங்கினார். அரசு கேபிள் 2012இல் கேட்ட டிஜிட்டல் உரிமத்தை மத்திய அரசு 2017 ஏப்ரலில்தான் கொடுத்தது. ஐந்து ஆண்டுகள் ஒரு மாநிலத்தின் வயர் டெல்லிக் கோப்பில் கிடந்தது. 2019 பிப்ரவரியில் புதிய கட்டண முறை வந்தபோது, வேண்டிய சேனலைப் பார்ப்பவரே தேர்ந்தெடுக்கலாம் என்றார்கள். நூறு சேனல்களுக்கான அடிப்படைக் கட்டணமே வரியோடு 153 ரூபாய் 40 காசு. அதற்கு மேல் கட்டணச் சேனல் விலையும் சேர்ந்தது. பெரும்பாலோர் நிறுவனம் கட்டிக்கொடுத்த பேக்கேஜையே எடுத்தார்கள்.

2022 நவம்பரில் மென்பொருள் நிறுவனத்தோடு ஏற்பட்ட தகராறில் அரசு கேபிளின் லட்சக்கணக்கான பாக்ஸ்கள் செயலிழந்தன. அனலாக் காலமாக இருந்தால் கேபிள்காரர் மாடிக்கு ஏறி டிஷ்ஷைத் திருப்பியிருப்பார், ரிசீவரை மாற்றியிருப்பார், அன்று மாலையே ஏதோ சில சேனலாவது ஓடியிருக்கும். இந்த முறை வயர் அறுபடவில்லை, கன்ட்ரோல் ரூமில் மின்சாரம் இருந்தது, சாட்டிலைட்டும் அதன் இடத்தில் இருந்தது. ஆனாலும் அவரால் செய்ய முடிந்தது, வீட்டுக்காரர் கையை விட்டுப் போகாமலிருக்கத் தனியார் நிறுவனத்தின் பாக்ஸைக் கொண்டுவந்து மாட்டியது மட்டும்தான்.