மாணவத் தாதியின் குறிப்பேடு



நோயாளரைப் பராமரிக்கும் கலையை நூலிலிருந்து மட்டும் கற்றுவிட முடியாது; படுக்கையருகே நின்றுதான் கற்க வேண்டும். அங்ஙனம் நின்று கண்டதையும் செய்ததையும் மாணவர் எழுதிவைத்துச் சிந்திக்கும் வழக்கம் இன்று பல நாடுகளிலே தாதியர் கல்வியின் ஒரு பகுதியாகியுள்ளது. அதன் வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

கிரிமியா யுத்தத்தின்போது, 1854ஆம் ஆண்டில், ஸ்கூற்றாரிப் படை வைத்தியசாலைக்குச் சென்று தொண்டாற்றியவர் புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையார். அவரைப் பாராட்டி மக்கள் வழங்கிய நிதியைக் கொண்டு, 1860ஆம் ஆண்டில், இலண்டன் புனித தோமஸ் வைத்தியசாலையிலே தாதியர் பயிற்சிப் பள்ளி நிறுவப்பெற்றது.

அப்பள்ளியில் இருவகை ஏடுகள் இருந்தன. ஒன்று, தலைமைத் தாதி வார்ட்றோப்பர் அம்மையார் மாணவியரைப் பற்றி எழுதியது. நேரந் தவறாமை, அமைதி, நம்பகம், தூய்மை ஆகிய பண்புகளும் தொழிற்றிறனும் அதிற் பதியப்பட்டன. மற்றையது, மாணவியர் தாமே எழுதியது. நோயாளரைப் பற்றிய குறிப்புகளும் விடுதி வேலையைப் பற்றிய நாட்குறிப்பும் அதில் அடங்கின. நைற்றிங்கேல் அம்மையார் பின்னாளில் மாணவியரின் நாட்குறிப்புகளைத் தாமே படித்து, பயிற்சி எவ்வாறு நடைபெறுகின்றதென ஆராய்ந்தார்.

கண்டதை எழுதுதல் வேறு. கண்டதைப் பற்றிச் சிந்தித்தல் வேறு. ‘ஐந்தாங் கட்டில் மூதாட்டிக்குப் புண் கழுவிக் கட்டினேன்’ என்பது பதிவு. ‘புண்ணைத் தொடுமுன்னரே அவர் முகஞ் சுளித்தார், நோவு தணிக்கும் மருந்து கொடுத்தாயிற்றா என நான் வினவவில்லை, நாளை வினவிய பின்னரே தொடங்குவேன்’ என்பது சிந்தனை. இவ்வேறுபாட்டைக் கல்வியாளர் பின்னரே விரித்துரைத்தனர். அமெரிக்க அறிஞர் ஜோன் டூயி 1910இல் சிந்திக்கும் முறைபற்றி நூலெழுதினார். டொனால்ட் ஷோன் 1983இல், தொழில் செய்யும்போதே சிந்தித்தல், செய்தபின் சிந்தித்தல் என இரண்டனை வகுத்தார். இங்கிலாந்தின் கிரகாம் கிப்ஸ் 1988இல், நிகழ்ச்சி, உணர்ச்சி, மதிப்பீடு, ஆய்வு, முடிவு, அடுத்த செயல் என ஆறு படிகளை அமைத்தார். தாதியர் கல்லூரிகள் பல அவற்றைக் கைக்கொண்டன.

ஆயினும் ஓர் இடர் எழுந்தது. மாணவர் தம்மைப் பற்றி எழுதும் ஏட்டுக்கே ஆசிரியர் புள்ளியிடத் தொடங்கியபோது, பழைய இரு ஏடுகளும் ஒன்றாயின. ‘நான் வினவவில்லை’ என்னும் வரியே கல்வி தொடங்கும் இடம்; குறை காணப்படும் இடமும் அதுவே. அஞ்சும் மாணவர் அவ்வரியை விடுத்து, புண் கட்டிய செய்தியை மட்டுமே எழுதுவர். அதனால் நட்டமடைபவர் அடுத்த நோயாளியே.

இவ்வச்சம் மாணவரோடு நிற்கவில்லை. பிரித்தானியாவிலே 2016 முதல், தாதியரும் மருத்துவிச்சியரும் மூன்றாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கும்போது, இத்தகைய ஐந்து குறிப்புகளை எழுதியிருத்தல் வேண்டும். அவற்றில் நோயாளரை அடையாளங் காட்டலாகாது. வைத்தியர்மீதான முறைப்பாடுகளை விசாரிப்பதற்காக அவர்தம் சிந்தனைக் குறிப்புகளைக் கேட்பதில்லையென அந்நாட்டுப் பொது மருத்துவப் பேரவை 2018இல் அறிவித்தது. எனினும், நீதிமன்றம் கேட்பின் அவற்றுக்கு விலக்கில்லை.

ஆகவே, குறிப்பேடு எழுதும்படி மாணவரைப் பணிக்கும் ஆசிரியர், அதை யார் படிப்பர், எதன்பொருட்டுப் படிப்பர் என்பதை முதல் நாளிலேயே அவர்களுக்குத் தெளிவாகக் கூறுதல் கடமையாகும். அவ்வுறுதி கிடைத்தாலன்றி, மூதாட்டியின் முகச் சுளிப்பு ஏட்டில் ஏறாது.