பழையபடின்னா எந்தப் பழையபடி?

போன மாசம் அண்ணன் போன் பண்ணினான். சுத்தி வளைக்காம நேரா கேட்டான். "டேய், அந்தக் கிடார் இன்னும் பரண்ல இருக்கா? பாப்பா கத்துக்கணும்ங்கறா. பழையபடி பண்ணிக் குடுக்க முடியுமா?"

எனக்குப் பகீர்னுச்சு. ஏன்னா அந்தக் கிடாரைக் கெடுத்தவன் நான். அவன் முதல் சம்பளத்துல வாங்கின, ஸ்ட்ராட்டோகாஸ்டர் வடிவத்துல செஞ்ச ஒரு சாதாரண எலெக்ட்ரிக் கிடார். அவன் ஊர்ல இல்லாத ஒரு வாரத்துல, உளியும் சுத்தியலும் எடுத்து, பிரிட்ஜ் பக்கத்துல கட்டையைத் தோண்டி, பெரிய பிக்கப் ஒண்ணைத் திணிச்சேன். அது சரியா உக்காரவும் இல்லை, சத்தமும் நல்லா வரலை. பயந்துபோய் எம்-சீல் வச்சு அடைச்சேன். அண்ணன் வந்து பார்த்தான், ஒரு வார்த்தை பேசலை. அதுக்கப்புறம் அதை அவன் தொடவும் இல்லை.

ஆனா அவன் கேட்ட "பழையபடி"ங்கற வார்த்தை ரெண்டு நாள் மண்டைக்குள்ளேயே சுத்திச்சு. ஒரு பொருளைப் பழையபடி ஆக்கறதுன்னா என்ன? எந்தத் தேதியோட பழையபடி? இதுக்கு எனக்குத் தெரிஞ்சு நல்ல பதில் இருக்கிறது இன்னொரு கிடாரோட கதையில. பிங்க் ஃபிளாய்ட் டேவிட் கில்மோரோட கறுப்பு ஸ்ட்ராட். கிடார் வாசிக்கத் தெரியாதவங்களும் படிக்கலாம், பயப்படாதீங்க :-)

ஏன் எல்லாரும் ஸ்ட்ராட்டையே நோண்டறாங்க?

முதல்ல இதைச் சொல்லிடணும். ஸ்ட்ராட்டோகாஸ்டரை 1954-ல் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டன் ஊரிலிருந்து கொண்டு வந்தவர் லியோ ஃபெண்டர். அவருக்குக் கிடார் வாசிக்கத் தெரியாது. ரேடியோ ரிப்பேர் கடை வச்சிருந்தவர். அதனால ரிப்பேர்காரன் புத்தியோடதான் கிடாரையும் யோசிச்சார். பழைய கிடார்கள்ல கழுத்தை உடம்போட பசை போட்டு ஒட்டியிருப்பாங்க. லியோ ஸ்க்ரூ போட்டு முடுக்கினார். மூணு பிக்கப், சுவிட்ச், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகு எல்லாத்தையும் ஒரே பிளாஸ்டிக் தகட்டுல மாட்டினார். தகட்டு ஸ்க்ரூவைக் கழட்டினா மொத்த வயரிங்கும் தட்டு மாதிரி கையில வந்துடும்.

ரிப்பேருக்கு வசதியா செஞ்ச பொருள் நோண்டறதுக்கும் வசதியாத்தானே இருக்கும்? கழுத்து பிடிக்கலையா, வேற கழுத்து மாட்டு. பிக்கப் பிடிக்கலையா, வேற போடு. 1970-கள்ல டிமார்சியோ, சீமோர் டங்கன் மாதிரி ஆட்கள் மாத்திப் போடறதுக்குன்னே பிக்கப் செஞ்சு விக்க ஆரம்பிச்சதும், ஊர்ல இருக்கற எல்லாப் பசங்க கையிலும் சால்டரிங் அயர்ன் வந்துடுச்சு.

இதுல எனக்கு வழிகாட்டின மகானுபாவர் எடி வான் ஹேலன். ஐம்பது டாலருக்கு ஒரு கழிச்சுப் போட்ட உடம்பு, எண்பது டாலருக்கு ஒரு கழுத்து வாங்கி, உளியால தோண்டி, கிப்சன் கிடார்லேர்ந்து எடுத்த ஹம்பக்கரைத் திணிச்சார். அதை வச்சுத்தான் 1978-ல் வந்த முதல் ஆல்பத்துல உலகத்தையே மிரட்டினார். ஸ்ட்ராட்டோட பிக்கப்புல ஒரே சுருள். கரண்ட் லைனோட "ம்ம்ம்" இரைச்சலையும் சேர்த்துப் பிடிக்கும். ஹம்பக்கர்ல ரெண்டு சுருள், எதிரெதிரா சுத்தியிருப்பாங்க. ஒண்ணு பிடிச்ச இரைச்சலை இன்னொண்ணு கழிச்சுடும். எடி செஞ்சதைப் போட்டோவில் பார்த்துட்டு நானும் செஞ்சேன். எடிக்கு அது என்ன ஆகும்னு தெரிஞ்சிருந்தது. எனக்குத் தெரியலை. வித்தியாசம் அவ்வளவுதான்.

சரி, கறுப்பு ஸ்ட்ராட்டுக்கு வருவோம்

1970-ல் பிங்க் ஃபிளாய்ட் அமெரிக்காவில் சுத்திக்கிட்டு இருந்தப்ப, நியூ ஆர்லியன்ஸ்ல அவங்க வாத்தியங்கள் எல்லாம் வண்டியோட திருடு போச்சு. கில்மோர் நியூயார்க் மேனிஸ் கடையில வாங்கின கிடார்தான் நம்ம கதாநாயகன். முதல்ல சன்பர்ஸ்ட் நிறம் அடிச்சு, அதுக்கு மேலேயே கறுப்பு அடிச்ச உடம்பு. அதாவது, கில்மோர் கைக்கு வர்றதுக்கு முன்னாடியே அது ஒரு தடவை மாறியாச்சு! அந்த வருஷம் ஜூன்ல பாத் திருவிழா மேடையில கில்மோர் கையில இருந்தது அதுதான்.

அப்புறம் ஆரம்பிச்சது அறுவை சிகிச்சை. கழுத்து மாத்தினாங்க, 1972-ல் ரோஸ்வுட் விரல்பலகை வச்ச கழுத்து. இரைச்சலைக் குறைக்கலாம்னு உடம்புல ஓட்டை போட்டு மைக் வயருக்குப் போடற மாதிரி ஒரு சாக்கெட், அதைப் பிடிக்காம எடுத்து ஓட்டையை அடைச்சாங்க. 1973-ல் நடு பிக்கப்புக்கும் பிரிட்ஜ் பிக்கப்புக்கும் நடுவுல கிப்சன் ஹம்பக்கர் ஒண்ணு, அதுவும் கொஞ்ச நாள்தான். (இதைப் படிச்சப்ப எனக்கு எவ்வளவு ஆறுதல்! கில்மோரும் நம்ம ஜாதிதான்.) 1974-ல் வெள்ளைத் தகடு போய் கறுப்புத் தகடு. கூடுதலா ஒரு குட்டி சுவிட்ச். 1976-ல் பிரிட்ஜ் பக்கம் டிமார்சியோ பிக்கப், 1978-ல் சார்வெல் கழுத்து, 1979-ல் டிமார்சியோ போய் சீமோர் டங்கன் பிக்கப்.

இந்த வருஷங்களைக் கவனிங்க. 1973-ல் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்', 1975-ல் 'விஷ் யூ வேர் ஹியர்', 1977-ல் 'அனிமல்ஸ்', 1979-ல் 'தி வால்'. நாம கேட்டு உருகின சத்தம் எல்லாம் மாத்தி மாத்தி நோண்டின ஒரு கிடார்லேர்ந்து வந்தது. தொழிற்சாலையிலேர்ந்து வந்த கன்னி கழியாத கிடாரா அதை வச்சிருந்தா 'கம்ஃபர்ட்டப்ளி நம்ப்' கடைசி சோலோ இதே மாதிரி இருந்திருக்குமா? இருந்திருக்காதுங்கறது என் கட்சி.

எல்லை தாண்டினது எப்போ?

1983-ல் கேலர் பிரிட்ஜ் ஒண்ணு மாட்டினாங்க. 80-களோட மோகம் அது. கம்பியை எவ்வளவு வளைச்சாலும் சுதி கலையாது, அதுதான் கவர்ச்சி. ஃபெண்டரோட சொந்த பிரிட்ஜ் வேற மாதிரி: முன்னாடி வரிசையா ஆறு ஸ்க்ரூ, உடம்பைத் துளைச்சுக்கிட்டுப் போற ஒரு இரும்புக் கட்டி, பின்பக்கம் ஸ்ப்ரிங். கேலர் உக்காரணும்னா பிரிட்ஜ் இருக்கிற இடத்துல மரத்தை வெட்டி எடுத்தாகணும்.

இங்கேதான் வித்தியாசம். பிக்கப்பை மாத்தினா திரும்ப மாத்திக்கலாம். கழுத்தை மாத்தினாலும் அப்படித்தான். மரத்தை வெட்டினா வெட்டினதுதான். கிடார் ரிப்பேர் பண்றவங்க எல்லாரும் சொல்ற கணக்கு இது ஒண்ணுதான்: திரும்ப முடியற மாற்றம், திரும்ப முடியாத மாற்றம்.

அப்புறம் கில்மோரும் அதை விட்டு விலகிட்டார். 1984-ல் ஒரு சிவப்பு ஸ்ட்ராட் வந்து, அடுத்த பத்து வருஷ மேடையும் அதுக்குத்தான். கறுப்பு ஸ்ட்ராட் 1986-ல் டல்லஸ் ஹார்ட் ராக் கஃபேக்குக் காட்சிப்பொருளாப் போச்சு. 1997-ல் திரும்பி வந்தப்ப மோசமான நிலைமை. சில பாகங்களையே காணோம். திரையரங்கு வாசல்ல வருஷக்கணக்கா வச்ச கட்-அவுட் மாதிரி ஆகியிருந்தது.

பழுது பார்த்தவர்

பில் டெய்லர் 1974-லேர்ந்து கில்மோரோட வாத்தியங்களைப் பார்த்துக்கிட்டவர். (பிற்பாடு இந்த ஒரே கிடாரைப் பத்தி ஒரு முழுப் புத்தகமே எழுதினார், 2008-ல்.) அவர் முன்னாடி இருந்ததும் என் அண்ணன் கேட்ட அதே கேள்விதான். பழையபடின்னா எந்தப் பழையபடி?

1970-ன் கடை நிலைமைக்கே கொண்டு போயிருக்கலாம். வெள்ளைத் தகடு, அந்தக் காலத்துப் பிக்கப், அந்தக் காலத்துக் கழுத்து. இன்னும் பின்னாடி போய், கறுப்பைச் சுரண்டி அடியில இருக்கிற சன்பர்ஸ்ட்டையும் வெளியே எடுத்திருக்கலாம். பழம்பொருள் சேர்க்கறவங்க கண்ணுக்கு அதுதான் "ஒரிஜினல்".

அதை அவர் செய்யலை. கேலரைக் கழட்டி, சார்லி சாண்ட்லர்ங்கற கிடார் ரிப்பேர்காரர்கிட்ட கொடுத்து, குழியை மரம் வச்சு அடைச்சு, ஃபெண்டர் பாணி பிரிட்ஜைத் திரும்பப் பொருத்த வச்சார். ஆனா கறுப்புத் தகடு அப்படியே இருந்தது. குட்டி சுவிட்ச் அப்படியே. 1979-ன் டங்கன் பிக்கப் அப்படியே. கழுத்துக்கு 1983-ல் ஃபெண்டர் செஞ்ச ஒண்ணு. கணக்குப் போட்டுப் பாருங்க, கேலரை எடுத்துட்டா, கழுத்தைத் தவிர, அது கிட்டத்தட்ட 'தி வால்' காலத்துக் கிடார்.

எந்த மாற்றம் அந்தக் கிடாரை அதுவா ஆக்கிச்சோ, அதெல்லாம் தங்கிடுச்சு. எது வாசிக்கறவனைத் தள்ளி வச்சதோ, அது போயிடுச்சு. இதை நான் என் வார்த்தையில சொல்றேன்: அவங்க கிடாரைத் தொழிற்சாலைக்குத் திருப்பலை, கில்மோர் கைக்குத் திருப்பினாங்க.

2005 ஜூலை 2, லண்டன் ஹைட் பார்க், லைவ் 8 நிகழ்ச்சி. 1981-க்கு அப்புறம் ரோஜர் வாட்டர்ஸோட சேர்ந்து பிங்க் ஃபிளாய்ட் ஏறின மேடை. கில்மோர் தோள்ல சிவப்பு இல்லை, கறுப்பு. அந்த வீடியோவில் கடைசி சோலோ வர்றப்ப கிடாரோட பிரிட்ஜைப் பாருங்க. அங்க ஒரு பெரிய குழி இருந்ததுன்னு சொன்னா நம்ப மாட்டீங்க.

2019 ஜூன் 20-ல் நியூயார்க் கிறிஸ்டீஸ் ஏலத்துல அது 39 லட்சத்து 75 ஆயிரம் டாலருக்குப் போச்சு. ஏலக்காரங்க முன்னாடி போட்ட மதிப்பு ஒன்றரை லட்சம் வரைக்கும்தான். அந்த ஏலத்தின் பணத்தை கில்மோர் கிளையன்ட் எர்த்ங்கற சூழலியல் அமைப்புக்குக் கொடுத்துட்டார். கழுத்து வேற, தகடு வேற, பிக்கப் வேற, உடம்புல அடைச்ச ஓட்டைகள். "ஒரிஜினல்" கட்சிக்காரங்க இதுக்கு என்ன சொல்வாங்க?

இன்னொரு பக்கமும் இருக்கு

எல்லாத் தப்பையும் சரி பண்ணணும்னு அவசியமில்லைங்கறதுக்கு பீட்டர் கிரீனோட 1959 லெஸ் பால் சாட்சி. அதோட ஒரு பிக்கப்புல காந்தம் தலைகீழா இருக்கு. அதனால ரெண்டு பிக்கப்பையும் சேர்த்துப் போட்டா மூக்கடைச்ச மாதிரி ஒரு சோகமான சத்தம். எந்த ரிப்பேர்காரரும் அஞ்சு நிமிஷத்துல "தப்பு"ன்னு கண்டுபிடிச்சுடுவார். ஆனா கேரி மூர் கைக்குப் போச்சு, 2014-ல் மெட்டாலிகாவோட கர்க் ஹேமெட் கைக்கும் போச்சு, அந்தக் காந்தத்தை யாரும் திருப்பி வைக்கலை. அந்தத் தப்புதான் அதோட குரல்.

பரண் கிடார்

இதெல்லாம் யோசிச்சுட்டு பரண்லேர்ந்து இறக்கினேன். எம்-சீலைச் சுரண்டவே ஒரு ஞாயித்துக்கிழமை போச்சு. தெருமுனை ஆசாரிகிட்ட கொண்டு போனேன். பார்த்துட்டு, "எந்தப் பய தம்பி இதைத் தோண்டினான்?"னார். தெரியலைங்கன்னேன் :-(

அவர் சொன்ன முதல் விஷயமே என்னைத் தூக்கிவாரிப் போட்டது. அடைக்கறதுக்கு முன்னாடி இன்னும் கொஞ்சம் வெட்டணுமாம். நான் தோண்டின குழி கோணல்மாணலா, எலி கடிச்ச மாதிரி இருந்தது. அதுக்கு ஏத்த மாதிரி கட்டை செதுக்க முடியாது. ஓரத்தை நேரா வெட்டி, ரேகை ஓடற திசை பார்த்து ஒரு துண்டு செதுக்கி, இறுக்கமா ஒட்டி, காய விட்டு, அப்புறம்தான் சரியான அளவுல பிக்கப் குழி. ஒரு தப்பைச் சரி பண்ண, அந்தத் தப்பை முதல்ல ஒழுங்காச் செஞ்சு முடிக்கணும் போலிருக்கு.

பெயிண்ட் அடிச்சு மறைச்சுடலாமான்னு கேட்டார். வேண்டாம்னுட்டேன். வார்னிஷ் மட்டும் போட்டோம். ஒட்டின துண்டோட கோடு நல்லாவே தெரியுது. பழைய வகைப் பிக்கப்பை வாங்கி மாட்டினேன், புதுக் கம்பி போட்டேன்.

போன வாரம் அண்ணன் வந்தான். மடியில வச்சு சுதி சேர்த்தான். கட்டைவிரலால அந்தக் கோட்டை ஒரு தடவை தடவினான். நான் வேற பக்கம் பார்த்துக்கிட்டு இருந்தேன்.

"இது தெரியட்டும்டா. இல்லேன்னா நீ எல்லாருக்கும் நல்ல பையனாயிடுவே"ன்னான். இத்தனை வருஷத்துல அந்தக் கிடாரைப் பத்தி அவன் என்கிட்ட பேசின முதல் பேச்சு. பாப்பா அதுக்குள்ள கிடாரைப் பிடுங்கிக்கிட்டா.

கொசுறு: உங்க கிடார்ல எதை மாத்தினாலும், கழட்டினதைத் தூக்கிப் போட்டுடாதீங்க. ஸ்க்ரூ உட்பட ஒரு கவர்ல போட்டு, தேதி எழுதி வைங்க. உளியை மட்டும் தொடாதீங்க. தொட்டே ஆகணும்னா, உங்க சொந்தக் கிடாரைத் தொடுங்க, அண்ணனோடதை வேண்டாம்.