தலைசிறந்த படம் எது என்னும் வழக்கு

கவிகளுள் யார் பெரியவர், காவியங்களுள் எது சிறந்தது என்று வாதிடுவதில் ரசிகர்களுக்கு என்றுமே சலிப்பு ஏற்பட்டதில்லை. ஆனால் அவ்வாதங்கள் பெரும்பாலும் சபை கலைந்ததோடு முடிந்துவிடுவன. சினிமாவின் விஷயத்திலோ, கலை தோன்றி அறுபது ஆண்டுகள் நிறைவதற்கு முன்பே, அந்த வாதத்தை வாக்கெடுத்துத் தீர்க்க வேண்டும், தீர்த்ததைப் பத்திரிகையில் அச்சிட வேண்டும், பத்தாண்டுக்கு ஒருமுறை அதே வழக்கைத் திரும்பவும் விசாரிக்க வேண்டும் என்ற ஒரு சம்பிரதாயம் உண்டாகி, எழுபது ஆண்டுகளைக் கடந்தும் நிலைத்திருக்கிறது. அதன் சரித்திரத்தை ஆதிமுதல் பார்த்துவருகிறவர்களுக்கு, எந்தப் படம் எப்போது யாருடைய கண்ணுக்குக் கிடைத்தது என்பதே தீர்ப்புகளை இவ்வளவு தூரம் நடத்திவந்திருக்கிறது என்பது புலனாகும்.

1952-ஆம் ஆண்டில் பெல்ஜிய நாட்டின் தலைநகரான பிரஸ்ஸல்ஸில் நடந்த திரைப்பட விழாவை ஒட்டி, படம் எடுக்கும் கலைஞர்கள் பலரிடம், அவர்கள் அபிப்பிராயத்தில் மிகச் சிறந்த படங்கள் யாவை என்று கேட்டார்கள். ஐஸன்ஸ்டைன் 1925-இல் எடுத்த 'பேட்டில்ஷிப் பொடெம்கின்' என்ற ருஷ்யப் படம் முதலாவதாக வந்தது. பிரிட்டிஷ் திரைப்படக் கழகத்தின் பத்திரிகையான 'சைட் அண்ட் சவுண்ட்' அதே கேள்வியை விமர்சகர்கள் பக்கம் திருப்பி, 85 பேருக்கு எழுதிக் கேட்டது. 63 பேர் பதில் அனுப்பினார்கள். விட்டோரியோ டி ஸிக்காவின் 'பைசைக்கிள் தீவ்ஸ்' 25 பேருடைய பட்டியல்களில் இடம்பெற்று முதலாவதாகவும், சாப்ளினின் 'சிட்டி லைட்ஸ்', 'கோல்ட் ரஷ்' என்ற இரண்டும் தலா 19 பெற்று அதற்கு அடுத்தபடியாகவும் நின்றன.

வாக்கெடுப்பின் முறையைச் சற்றே கவனிப்பது அவசியம். ஒவ்வொருவரும் பத்துப் படங்களைச் சொல்லலாம். பத்துக்கும் மதிப்பு ஒன்றே. எந்தப் படத்தின் பெயர் அதிகமான பட்டியல்களில் காணப்படுகிறதோ அதுவே முதலிடம் பெறும். ஆகவே, ஒருவருடைய மனத்திலும் முதலாவதாக நில்லாத ஒரு படம்கூட, பலருடைய மனத்தில் ஐந்தாவதாகவோ ஏழாவதாகவோ இருந்தே வெற்றி பெற்றுவிடக்கூடும். 63 பேரில் 25 பேர் என்பது பாதிகூட அன்று. 'உலகத்தின் தலைசிறந்த படம்' என்று பத்திரிகைகள் முழங்குகிற பட்டத்தின் உட்பொருள், பலருடைய நினைவுக்கு ஒருசேர வந்த படம் என்பதேயாகும்.

முதல் வாக்கெடுப்பில் வென்ற படத்துக்கு அப்போது வயது நான்கே. சுவரொட்டி ஒட்டும் வேலைக்கு இன்றியமையாத சைக்கிளைப் பறிகொடுத்த ஓர் ஏழை, தன் சிறு மகனோடு ரோமாபுரியின் தெருக்களில் அலைவதே அதன் கதை. தொழில்முறை நடிகர்களை நம்பாமல், வீதியில் வாழ்கிற மனிதர்களைக் கொண்டே அதை எடுத்திருந்தார்கள். யுத்தத்தின் புண் ஆறாத காலத்து ஐரோப்பிய விமர்சகர்களுக்கு அந்த ஏழையின் துயரம் அந்நியமாக இருந்திருக்க முடியாது. அப்படத்தை 1950-இல் லண்டனில் பார்த்த கல்கத்தா விளம்பரக் கம்பெனி ஓவியர் ஒருவர், தாமும் அவ்வாறே ஒரு படம் எடுப்பதென்று தீர்மானித்து, வாக்கெடுப்பு நடந்த அதே 1952-ஆம் ஆண்டின் அக்டோபர் மாதத்தில் 'பதேர் பாஞ்சாலி'யின் படப்பிடிப்பைத் தொடங்கினார். அவர்தாம் சத்யஜித் ராய்.

ஆறே ஆண்டுகளில் அந்த ராயே இவ்வழக்கின் நியாயாதிபதிகளுள் ஒருவராக அமர நேர்ந்தது. 1958-இல் பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சியின்போது, 26 நாடுகளைச் சேர்ந்த 117 விமர்சகர்களும் சரித்திர ஆசிரியர்களும் சேர்ந்து பன்னிரண்டு படங்களைப் பொறுக்கினார்கள்; அவர்களுள் 100 பேர் 'பொடெம்கி'னுக்கு வாக்களித்திருந்தார்கள். அந்தப் பன்னிரண்டுள் ஒன்றைச் சிகரத்தில் ஏற்றும் பொறுப்பை, ராய், ராபர்ட் ஆல்ட்ரிச் முதலிய இளம் இயக்குநர்கள் அடங்கிய ஒரு குழுவிடம் ஒப்படைத்தார்கள். அக்குழுவினரோ ஒன்றுக்கு மட்டும் மகுடம் சூட்ட மனமில்லாதவர்களாய், இன்றும் உயிரோடு இருப்பவை என்று தங்களுக்குத் தோன்றிய ஆறு படங்களை வரிசைப்படுத்தாமலே அறிவித்துவிட்டு எழுந்தார்கள். கலையைத் தொழிலாகக் கொண்டவர்கள், தீர்ப்புச் சொல்லும்படி அழைக்கப்பட்ட இடத்தில் தீர்ப்பை ஒத்திவைத்த இச்சம்பவம், இந்த வழக்கின் ஏடுகளுள் மிகவும் விவேகமான பக்கம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அந்த விவேகம் நீடிக்கவில்லை. ஏனெனில், தொடர்ந்து ஐம்பது ஆண்டுகளுக்கு அசையாமல் ஆளப்போகிற ஒரு சக்கரவர்த்தி 1962-இன் 'சைட் அண்ட் சவுண்ட்' வாக்கெடுப்பில் பட்டத்துக்கு வந்தார். ஆர்ஸன் வெல்ஸ் தம் இருபத்தைந்தாம் வயதில் எடுத்த 'சிட்டிசன் கேன்' 1941-இல் வெளிவந்தபோது, பத்திரிகை முதலாளி ஹெர்ஸ்ட், தம்மையே அதில் சித்திரித்துவிட்டதாகச் சினந்து, தம் பத்திரிகைகளில் அதன் விளம்பரத்தையும் தடுத்துவிட்டார். ஒன்பது ஆஸ்கார் விருதுகளுக்குப் பரிந்துரைக்கப்பட்டுத் திரைக்கதைக்காக ஒன்றை மட்டுமே பெற்ற அப்படம், நஷ்டக் கணக்கில் எழுதப்பட்டுப் பெட்டிக்குள் போயிற்று. யுத்தகாலத்தில் அமெரிக்கப் படங்களே நுழைய முடியாதிருந்த பிரான்ஸில் 1946-இல்தான் அது திரையிடப்பட்டது. ஆந்த்ரே பஸான் போன்ற விமர்சகர்கள் அதன் ஆழமான காட்சியமைப்பை எடுத்துக்காட்டி எழுதினார்கள். 1950-களின் நடுவில் ஆர்.கே.ஓ. கம்பெனி தன் பழைய படங்களை டெலிவிஷனுக்கு விற்க, 1956-இல் தியேட்டர்களுக்கும் திரும்பி வந்த 'கேன்', புதியதொரு தலைமுறையின் கண்ணில் பட்டது. 1952-இன் முதல் பத்தில் இடமே பெறாதிருந்த படம், 1962-இல் 22 வாக்குகளோடு முதலாவதாயிற்று. படத்தில் ஓர் அங்குலமும் மாறவில்லை. அதைப் பார்க்கும் வாய்ப்பே மாறியிருந்தது. அதே ஆண்டில் 20 வாக்குகளோடு இரண்டாவதாக வந்த அன்டோனியோனியின் 'லவெஞ்சுரா', இரண்டே ஆண்டுகளுக்கு முன் கான் விழாவில் சபையோரின் ஏளனக் கூச்சலுக்கு உள்ளான படம்.

இவ்வாறு தாமதமாகக் கண்ணுக்குக் கிடைத்துக் கீர்த்தி பெற்ற படங்கள் இன்னும் பல. ழான் ரெனுவாரின் 'ரூல்ஸ் ஆஃப் தி கேம்' 1939-இல் பாரிஸில் கடும் எதிர்ப்பைச் சந்தித்து, வெட்டிச் சுருக்கப்பட்டு, அரசாங்கத்தின் தடைக்கும் ஆளாகி, 1942-இன் குண்டுவீச்சில் மூல நெகடிவையே இழந்தது. சிதறிக் கிடந்த துண்டுகளைத் தேடிச் சேர்த்து 1959-இல் இருவர் அதைப் புனர்நிர்மாணம் செய்திராவிட்டால், பின்னர் வந்த பட்டியல்களில் அதற்குக் கிடைத்த அந்தஸ்து எங்ஙனம் நிலைத்திருக்கும்? 1953-இல் ஜப்பானில் எடுக்கப்பட்ட ஓஸுவின் 'டோக்கியோ ஸ்டோரி', 1957-இல் லண்டனில் காட்டப்பட்டதாயினும், நியூயார்க் நகரத்துத் தியேட்டரை அடைந்தது 1972-இல்தான். இருபது ஆண்டுகள் கழித்து, 1992-இன் பட்டியலில் அது மூன்றாவதாக நின்றது. ஹிட்ச்காக்கின் 'வெர்ட்டிகோ'வோ இதற்கு ஒரு விசித்திரமான விலக்கு. 1958-இல் மிதமான வரவேற்பையே பெற்ற அப்படத்தின் உரிமையைத் தம்மிடமே வைத்திருந்த இயக்குநர், பல ஆண்டுகள் அதைத் திரைக்கே விடாதிருந்தார். அது காணக் கிடைக்காதிருந்த 1982-இலேயே முதல் பத்துள் புகுந்துவிட்டது. பார்த்தவர்களுடைய ஞாபகமும் பாராதவர்களுடைய ஏக்கமும் சேர்ந்து வாக்களித்தன போலும். பிறகு 1980-களின் நடுவில் திரைக்குத் திரும்பி, 1996-இல் செப்பனிடப்பட்ட பிரதியோடு உலாவந்து, 2002-இல் 'கேனு'க்கு ஐந்து வாக்குகள் மட்டுமே பின்தங்கி, 2012-இல் 191-க்கு 157 என்ற கணக்கில் அதைச் சிங்காசனத்திலிருந்து இறக்கியது.

2012-இன் தீர்ப்பைத் தந்தவர்கள் 846 பேர். அதற்கு முந்தைய முறை வாக்களித்தவர்களோ 145 பேரே. 2022-இல் அத்தொகை 1,600-ஐயும் தாண்டியது. சபை விரிந்ததும் தீர்ப்பு மாறியது. ஷான்டல் ஆக்கர்மன் என்ற பெல்ஜியப் பெண்மணி, இருபத்தைந்து வயது நிறைவதற்கு முன்பே எடுத்து 1975-இல் வெளியிட்ட 'ழான் டீல்மன்' முதலிடத்துக்கு உயர்ந்தது. ஒரு விதவையின் பெயரையும் பிரஸ்ஸல்ஸ் நகரத்து வீட்டு விலாசத்தையுமே முழுத் தலைப்பாகக் கொண்ட அப்படம், அவளுடைய மூன்று நாள் வாழ்க்கையை, உருளைக்கிழங்கு உரிப்பதும் படுக்கை விரிப்பதும் உள்பட, மூன்று மணி இருபத்தொரு நிமிஷம் நிதானமாகக் காட்டுவது. பெண் ஒருவர் இயக்கிய படம் இந்த ஆசனத்தில் அமர்ந்தது அதுவே முதல்தடவை. முந்தைய பட்டியலில் முப்பதுக்கும் பின்னால் இருந்த படம் ஒரே தாவலில் முதலாவதாகலாமா, இது வாக்கெடுப்பின் நம்பகத்தையே குலைக்கிறதே என்று இயக்குநர் பால் ஷ்ரேடர் ஆட்சேபித்தார். முன்பு வாக்களித்த அறுபது, எழுபது பேருடைய ருசியை நித்தியமான நியாயம் என்று கொண்டால் அந்த ஆட்சேபம் பொருந்தும். அவர்களும் தங்கள் கைக்கு எட்டிய பிரதிகளைப் பார்த்தவர்களே என்பதை எண்ணினால் பொருந்தாது. ஆயினும் சபை விரிவதில் நஷ்டமும் இல்லாமல் இல்லை: 1952-இன் பட்டியலில் பாதியளவுக்கு இடம்பிடித்திருந்த மௌனப் படங்கள் படிப்படியாகக் குறைந்துவிட்டன, ஒருகாலத்தில் 117 பேரில் 100 பேரைக் கவர்ந்த 'பொடெம்கின்' முதல் ஐம்பதிலும் இல்லை.

காலமே சிறந்த நீதிபதி என்பது பழைய வார்த்தை. இந்த வழக்கைப் பொறுத்தவரை அதை முழுவதும் ஒப்புவதற்கில்லை. ஓலைச்சுவடியில் இருந்த நூல், பிரதி செய்வோர் இல்லாவிடில் கறையானுக்கு இரையானதைப் போலவே, படச்சுருளும் காப்பாற்றுவோர் இல்லாவிடில் மடிந்துபோகிறது. மடிந்த படத்துக்குக் காலம் எந்தத் தீர்ப்பைச் சொல்லும்? 1931-இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' இன்று ஒரு பிரதியும் இல்லாமல் மறைந்துவிட்டது. தமிழகத்தின் மௌனப் படங்களும் பெரும்பாலும் அதே கதியை அடைந்தன. புனேயில் தேசியத் திரைப்படக் காப்பகம் அமைந்தது 1964-இல்தான். 2022-ஆம் ஆண்டின் முதல் நூறு படங்களுள் இந்தியாவிலிருந்து இடம்பெற்றது 'பதேர் பாஞ்சாலி' ஒன்றே. அதன் மூல நெகடிவும் 1993-இல் லண்டன் தீ விபத்தில் சிதைந்து, பிறகு அரும்பாடுபட்டு மீட்கப்பட்டது. 2005-இல் அமெரிக்க 'டைம்' பத்திரிகை தரவரிசை இல்லாமல் தொகுத்த நூறு படங்களுள் மணிரத்னத்தின் 'நாயகன்' இடம்பெற்றது, தமிழ்ப் படமும் உரியவர்கள் கண்ணுக்குக் கிட்டினால் மதிக்கப்படும் என்பதற்கு அத்தாட்சி. நம்முடைய படம் ஒன்று உலகப் பட்டியலின் உச்சிக்கு ஏறவில்லையே என்று வருந்துகிறவர்கள், வாக்காளர்களைக் குறை கூறுவதற்கு முன்னால், நம் பழைய படங்களின் நெகடிவ்கள் எங்கே எந்த நிலையில் இருக்கின்றன, அவற்றிலிருந்து தெளிவான பிரதிகளும் பிற மொழியினர் புரிந்துகொள்ளத்தக்க சப்டைட்டில்களும் உண்டாக்க யார் முன்வருவார்கள் என்று விசாரிப்பதே முறை. வாதம் அதற்குப் பிறகு தொடங்கலாம்.